மண்ணை வாரித் தூற்றியவள் எழுதுகிறேன்

உங்களில் பாதிப் பேரை நான் திட்டியிருக்கிறேன். மீதிப் பேர் நான் திட்டியதை நின்று கேட்டிருக்கிறீர்கள். நம் சபைத் தாளில் என் சாட்சி வரப் போகிறது என்றதும், "அவளா?" என்று சிலர் கேட்டதாக என் காதுக்கு வந்தது. ஆமாம், அவளேதான். முதலியார்பேட்டை குழாயடி அஞ்சலை. ஞானஸ்நானம் எடுத்தபோது பேரை மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். எந்தப் பேரில் கெட்டேனோ அந்தப் பேரிலேயே ஆண்டவர் என்னைத் தூக்கியெடுத்தார் என்று ஊருக்குத் தெரிய வேண்டும். நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குடியை விட்டவர்கள், சீட்டாட்டத்தை விட்டவர்கள் எழுதியதை இந்தத் தாளில் படித்திருப்பீர்கள். என் பழக்கம் அதெல்லாம் இல்லை. என் பழக்கம் என் வாய்.

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் வீட்டுப் பொருள் ஏதாவது களவு போனால் யாரும் போலீசுக்குப் போக மாட்டார்கள். முச்சந்தியில் நின்று மண்ணை வாரித் தூற்றிச் சபிப்பார்கள். யார் பேரையும் சொல்லக் கூடாது. எடுத்தவன் காதில் விழ வேண்டும், அவ்வளவுதான். அவன் பயந்துபோய்ப் பொருளைக் கொண்டுவந்து போட்டுவிடுவான் என்பது நம்பிக்கை. எல்லாருக்கும் அது வராது. சிலர் வெட்கப்படுவார்கள், சிலர் பாதியில் அழுதுவிடுவார்கள். எனக்கு வரும். தலைமுடியை அவிழ்த்துவிட்டு மடி நிறைய மண்ணோடு நின்றேன் என்றால், சொன்ன சொல்லைத் திரும்பச் சொல்லாமல் அரை மணி நேரம் தூற்றுவேன். அதனால் பறிகொடுத்தவர்கள் என்னைத் தேடி வந்தார்கள். வெற்றிலை பாக்கு வைத்து, ஒரு படி அரிசி கொடுத்து அழைத்துப் போவார்கள். அடுத்தவர் சண்டையை நான் போடுவேன்.

இது எப்படிப் பிடித்தது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். அப்பா செத்துப்போன வருடம், தெருக்குழாயில் என் அம்மாவின் குடத்தை ஒருத்தி எட்டி உதைத்தாள். அம்மா ஒன்றும் சொல்லாமல் குடத்தை நிமிர்த்தி வைத்தாள். எனக்கு அப்போது பதினான்கு வயது. வாயைத் திறந்தேன். என்னென்ன சொன்னேன் என்று நினைவில்லை. வரிசை விலகி எங்களுக்கு வழி விட்டது. அந்த ருசி நாக்கில் ஒட்டிக்கொண்டது.

கல்யாணம் ஆனது. என் வீட்டுக்காரர் பேர் கோவிந்தசாமி. மில்லில் தறி ஓட்டுகிறவர். வாயில்லாப் பூச்சி. இரண்டு பேருக்கும் சேர்த்து நான்தான் பேசினேன்.

எழுபத்தொன்பதாம் வருடம், பங்குனி மாதம். பின்தெரு கன்னியம்மாவின் கோழி காணாமல் போய்விட்டது. பெட்டைக் கோழி. எஸ்தர் வீட்டுச் சாக்கடையில் இறகு கிடந்ததாக யாரோ சொன்னார்கள். எஸ்தர் எங்கள் தெருவுக்குப் புதிது. தச்சு வேலை செய்கிறவரின் மனைவி, வேதக்காரக் குடும்பம், கைப்பிள்ளைக்காரி. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் கோழிக் குழம்பு வாசனை வந்ததும் உண்மை. எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. மார்க்கெட்டில் வாங்கியிருக்கலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

எஸ்தர் வீட்டுக்கு நேரே இருக்கும் முச்சந்தியில் நின்றேன். கூட்டம் கூடியது. நான் அன்று சொன்னதில் ஒன்றை மட்டும் எழுதுகிறேன். மற்றதை எழுதக் கை வரவில்லை.

"கோயியத் தின்னவ வூட்டுல தொட்டிலு ஆடாமப் போவட்டும்!"

எஸ்தர் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். என்னைப் பார்த்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். "பாத்தியா, குத்தமுள்ள நெஞ்சு, அதான் உள்ள பூந்துட்டா" என்றாள் கன்னியம்மா.

பன்னிரண்டாம் நாள் அந்தப் பிள்ளை காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் இறந்துபோனது. எட்டு மாதக் குழந்தை.

தெரு முழுக்க ஒரே பேச்சு. அஞ்சலை வாய் பலித்துவிட்டது என்றார்கள். குழாயடியில் எனக்கு வழி விட்டவர்கள், இப்போது என் குடத்தை அவர்களே நிரப்பிக் கொடுத்தார்கள். எனக்கு அப்போது எப்படி இருந்தது என்று கேட்டால், சொல்ல நாக்கு கூசுகிறது. சொல்லத்தான் போகிறேன். பெருமையாக இருந்தது. ஒரு முழு நாள் பெருமையாக இருந்தது. அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை.

இன்னும் ஒன்பது நாள் போனது. மில் சுற்றுச்சுவர் ஓரத்துப் புதரிலிருந்து கன்னியம்மாவின் கோழி வெளியே வந்தது, பின்னால் ஏழு குஞ்சுகளோடு. யார் கண்ணிலும் படாத இடத்தில் முட்டையிட்டு, அங்கேயே அடைகாத்திருக்கிறது. கன்னியம்மா குஞ்சுகளைக் கூடையில் அள்ளிக்கொண்டு சிரித்தபடி என் வீட்டு வழியாகத்தான் போனாள்.

"எடுத்தவ கொண்டாந்து வுட்டுட்டாளோ இன்னாவோ" என்று வேறு சொன்னாள்.

குஞ்சு பொரித்த கோழியை யாரடி கொண்டுவந்து விடுவார்கள்? நான் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டேன். ஒரு கோழிக்காக. அதுவும் காணாமல் போகாத கோழிக்காக. மூன்று நாள் நான் வாயைத் திறக்கவில்லை. என் வீட்டுக்காரர் பயந்துபோய் வேப்பிலை அடிக்க ஆள் கூட்டி வந்தார். நான் அந்த ஆளைத் தாண்டிக்கொண்டு வெளியே நடந்தேன். நேரே எஸ்தர் வீட்டுக்குப் போனேன். என்னை அடிப்பாள், செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "உம் புள்ளைய நான்தான் கொன்னுட்டேன்" என்றேன்.

முறத்தைக் கீழே வைத்தாள். அவள் அழவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது.

"அக்கா, உன்ன பெரிய ஆளுன்னு நெனச்சிக்காதே. எம் புள்ள காய்ச்சல்ல செத்தான். உசுரு குடுக்கறதும் எடுக்கறதும் எங்க ஆண்டவரு கையில இருக்குது, உன் வாயில இல்ல. நீ மண்ணு தூத்துனதுக்கு சாவறதா இருந்தா இந்தத் தெருவுல ஒருத்தரும் மிஞ்சியிருக்க மாட்டாங்க."

என் வாழ்க்கையில் என்னை வாயடைக்க வைத்தவள் அவள் ஒருத்திதான்.

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "ஆனா தொட்டிலச் சொன்னியே, அது எனக்கு வலிச்சுது. அதுக்கு மன்னிப்பு கேளு. கேட்டீன்னா குடுப்பேன். கேக்காம போனீன்னா, நான் இங்க ஒக்காந்து ஒன்ன மன்னிக்கறதுக்கு தெனம் போராடணும்."

கேட்டேன். எனக்கு அப்போது முப்பத்தோரு வயது. அதுவரை யாரிடமும் மன்னிப்பு என்ற சொல்லைச் சொன்னதில்லை. எஸ்தர் என் தலையில் கை வைத்து ஜெபித்தாள். பிள்ளையைப் புதைத்துப் பதினைந்து நாள்கூட ஆகாதவள், என் தலையில் கை வைத்தாள். அவள் கும்பிடுகிற சாமி எதுவோ, அதுதான் இனி எனக்கும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். வேதமெல்லாம் பிறகுதான் படித்தேன்.

அடுத்த வருடம் நோணாங்குப்பம் ஆற்றில் ஞானஸ்நானம் எடுத்தேன். கரையில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள், "ஆத்துல முங்குனா நாக்கு சுத்தமாயிடுமா?" என்று கேட்டார்கள். ஆகவில்லை, அதையும் மறைக்க மாட்டேன். ஆற்றிலிருந்து ஏறினவள் அதே நாக்கோடுதான் ஏறினேன். குழாயடியில் என்னைப் பின்னுக்குத் தள்ளினார்கள். வேண்டுமென்றே குடத்தை இடித்தார்கள். வாய் துறுதுறுவென்று வரும். வீட்டுக்கு ஓடிவந்து பாத்திரத்தை எடுத்துப் போட்டுத் தேய்ப்பேன். தேய்க்கத் தேய்க்க, "ஆண்டவரே பிடிச்சிக்கோ, பிடிச்சிக்கோ" என்பேன். அந்த ஒரு வருடத்தில் எங்கள் வீட்டுப் பாத்திரம் மாதிரி பளபளத்தது எங்கள் தெருவில் கிடையாது. அப்படியும் இரண்டு தடவை வழுக்கினேன். இரண்டு தடவையும் திட்டு வாங்கியவள் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். அதற்கும் சிரித்தார்கள். வாய் செத்த அஞ்சலை என்று பேர் வைத்தார்கள்.

இதுவரை சொன்னது பழக்கத்தை விட்ட கதை. அந்தப் பழக்கத்தை எடு, எடு என்று ஊரே கெஞ்சின கதை இனிமேல்தான்.

எண்பத்து மூன்றாம் வருடம் ஐப்பசி மாதம். நல்ல மழை. காலை ஷிப்டு முடிந்து மூன்று மணிச் சங்கு ஊதியதும் ஆட்கள் முண்டியடித்துக்கொண்டு வெளியே வருவார்கள். கேட்டில் பையைச் சோதிப்பார்கள். அன்றைக்கு என் வீட்டுக்காரர் பையில், சோற்று டப்பாவுக்கு அடியில், துணி சுற்றி நான்கு நூல் கண்டுகள் இருந்தன.

மில்லில் கழித்துப்போட்ட காடாத் துணியில் ஒரே தையல்காரர் தைத்துக் கொடுத்த பைகள்தான் தறிக்காரர்கள் அத்தனை பேரிடமும். எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு. சுவர் ஆணியில் வரிசையாக மாட்டியிருப்பார்கள். அலுமினிய டப்பாவும் ஒன்று போலவே இருக்கும். பேர் வெட்டி வையுங்கள் என்று பாத்திரக் கடைக்காரர் சொன்னபோது, இதற்கெதற்கு என்று சொன்னவள் நான்தான். "இது எம் பையி இல்லீங்க" என்று அவர் சொன்னாராம். திருடன் வேறு எப்படிச் சொல்வான் என்று கேட்டார்களாம். வேலையை நிறுத்தி வைத்துவிட்டு, பத்து நாள் கழித்து விசாரணை என்று சீட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

பத்தொன்பது வருட வேலை. ஒரு முழம் நூலைக்கூட எடுத்து வராத மனுஷன். நனைந்துபோய் வந்து நின்றவர், "நான் எடுக்கல அஞ்சல" என்றார். அதை என்னிடம் சொல்ல வேண்டியிருந்ததே என்று எனக்கு வயிறு எரிந்தது.

எடுத்தவன் எங்கள் தெருக்காரனாகவோ பக்கத்துத் தெருக்காரனாகவோதான் இருக்க வேண்டும். அந்த ஷிப்டில் பாதிப் பேர் எங்கள் பக்கத்து ஆட்கள். மறுநாள் காலையில் கன்னியம்மா வந்தாள். கையில் முறம். முறம் நிறைய மண். அவளே சலித்துக் கொண்டுவந்திருந்தாள்.

"இப்பயாச்சும் வாயத் தொறடி. ஊரா வூட்டு கோயிக்கெல்லாம் தூத்துனே. ஒன் புருசன் மானத்துக்கு தூத்த மாட்டியா?"

அவளுக்குப் பின்னால் ஏழெட்டுப் பெண்கள். எல்லாருக்கும் முகத்தில் இரக்கமும் இருந்தது, ஆசையும் இருந்தது. நான்கு வருடமாக அவர்கள் பார்க்காத காட்சி. நான் முடியாது என்றேன். அப்போது உள்ளேயிருந்து அவர் வந்தார். ஒரு நாளும் என்னிடம் எதையும் கேட்காதவர்.

"ஒரே ஒரு தடவ, அஞ்சல. எடுத்தவன் பயந்து ஒத்துக்குவான். அப்புறம் நீ ஒன் ஆண்டவருகிட்ட மன்னிப்பு கேட்டுக்க."

சகோதரிகளே, அந்த மண்ணில் என் கை பட்டது. பொய் சொல்ல மாட்டேன். சில்லென்று இருந்தது. விரல் தானாக மூடியது. சாத்தான் முறத்தோடு வாசலுக்கே வந்து நிற்பான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அந்த மண்ணைத் தெருவில் கொட்டினேன்.

"சரி. மூணு மணிக்கு முச்சந்திக்கு வரேன். எல்லாரும் வாங்க" என்றேன்.

சங்கு ஊதியது. ஷிப்டு விட்டவர்கள் திரும்பி வரும் நேரம். அவர்களில் ஒருவன்தான் எடுத்தவன். முச்சந்தியில் பெருங்கூட்டம். நான் தலையை வாரி முடிந்துகொண்டு வந்தேன். கன்னியம்மாவுக்கு முகம் சுருங்கிப் போய்விட்டது. நான் முன்பு நிற்கிற அதே இடத்தில் நின்றேன். அதே குரலை எடுத்தேன். இந்தக் குரலை எனக்குக் கொடுத்தவர் ஆண்டவர்தானே, அதை ஏன் நான் ஒளித்து வைக்க வேண்டும்?

"ஆண்டவரே! நூல எடுத்தவன் இங்கதான் கேட்டுனு இருக்கான். அவன் வூட்டுப் புள்ளைங்க நல்லா இருக்கணும். அவன் பொண்டாட்டி நல்லா இருக்கணும். அவன் வூட்டுல ஒலை கொதிக்கணும். தொட்டிலு ஆடணும். அவனுக்கு உண்மையச் சொல்ற தைரியத்தக் குடு. எம் புருசன் எடுக்கல, உனக்குத் தெரியும்!"

ஒருவன் சிரித்தான், கூட்டம் முழுதும் சிரித்தது. "திருடனுக்கு ஆசீர்வாதமாம்!" என்று கன்னியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். என் வீட்டுக்காரர் கூட்டத்திலிருந்து விலகிப் போய்விட்டார். அன்றைக்கு அவர் என்னோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை.

மறுநாள் மூன்று மணிக்கும் போனேன். அதற்கு மறுநாளும். மழை கொட்டினால் முக்காடு போட்டுக்கொண்டு நின்றேன். எஸ்தர் மட்டும் முதல் நாளிலிருந்தே பக்கத்தில் வந்து நின்றாள். தொட்டில் ஆடணும் என்று நான் சொன்ன ஒவ்வொரு தடவையும் அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். நான்காம் நாளிலிருந்து வேடிக்கை பார்க்கவும் ஆள் வரவில்லை. சைக்கிளில் போகிறவர்கள் மணியடித்துக் கேலி செய்தார்கள். "அடிங்கடா மணிய, கோயிலுல அடிக்கறாப்பல இருக்குது" என்றேன். வாய் சாகவில்லை என்று தெரிந்துகொண்டார்கள்.

எட்டு நாள் ஆயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. எனக்கும் உள்ளே ஆட்டம் கண்டுவிட்டது. எட்டாம் நாள் வீட்டுக்கு வந்து, ஆண்டவரிடமே சண்டை போட்டேன். "உன்ன நம்பி வாய மூடுனேனே, நீ எப்ப வாயத் தொறக்கப் போற?" என்று கேட்டேன். அவரை நான் திட்டவில்லை. ஆனால் மரியாதையாகவும் பேசவில்லை.

விசாரணை நாள் விடிந்தது. அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பி நின்றார். வாசலில் தனபால் வந்து நின்றான். தெருக்கோடி வீடு. இவரோடு அதே தறி வரிசையில் வேலை செய்கிறவன், இருபத்தைந்து வயதுக்காரன். பின்னால் அவன் மனைவி மல்லிகா, கையில் நான்கு மாதப் பிள்ளை. தனபால் கையில் ஓர் அலுமினிய டப்பா இருந்தது. எங்கள் டப்பா.

"அக்கா, நூல எடுத்தது நான்தான். அவசரத்துல பைய மாத்தி எடுத்துனு வந்துட்டேன். வூட்டுக்கு வந்து பாத்தப்பதான் தெரிஞ்சுது, எம் பைய அண்ணன் எடுத்துனு போயிருக்காருன்னு."

என் வீட்டுக்காரர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஒன்பது நாள் எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு தெருவில் போய்வந்திருக்கிறான்.

"அன்னிக்கே ஏண்டா சொல்லல?"

அவன் பிள்ளையைப் பார்த்தான். "எஸ்தரக்கா புள்ள கதை எல்லாருக்கும் தெரியும்க்கா. நான்னு தெரிஞ்சா நீ தூத்துவே, எம் புள்ளைக்கு ஆவாதுன்னு பயந்துட்டேன். நீ மட்டும் அன்னிக்கு மண்ண எடுத்திருந்தா, அடுத்த பஸ்ஸு ஏறி ஊர வுட்டே போயிருப்பேன். துணிமணிகூட மூட்டை கட்டிட்டோம். நீ வந்து எம் புள்ள நல்லா இருக்கணும்னு கேட்டே. தெனம் கேட்டே. இவ கதவாண்ட நின்னு கேட்டுட்டு அழுவுறா. என்னால சோறு துன்ன முடியல."

நான் தூற்றியிருந்தால் அவன் ஓடியிருப்பான். உண்மை அவனோடு போயிருக்கும். என் புருஷன் கடைசிவரை திருடனாகவே இருந்திருப்பார். ஊர் கெஞ்சினதும், அவர் கெஞ்சினதும், என் விரல்கள் கெஞ்சினதும் எங்கள் அழிவைத்தான். எட்டு நாள் ஆண்டவர் சும்மா இருக்கிறார் என்று நினைத்தேன். அவர் தெருக்கோடி வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தார்.

மல்லிகா பிள்ளையை என் பக்கம் நீட்டினாள். அவள் கை நடுங்கியது. அந்த நடுக்கம் என்னைக் கண்டு வந்தது. அதைப் பார்த்ததும் என் கோபம் கரைந்துபோய் எனக்கு அழுகை வந்துவிட்டது. பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன்.

இரண்டு பேரும் சேர்ந்து மில்லுக்குப் போனார்கள். தனபால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். இவரை அன்றைக்கே உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். தனபாலுக்கு வேலை போய்விட்டது. அது போகக் கூடாது என்றும் நான் ஜெபித்தேன், அது கேட்கப்படவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. இப்போது அவன் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுகிறான். மல்லிகா நம் சபைக்கு வருகிறாள். அவன் வாசல் வரைக்கும் வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விடுகிறான். உள்ளே வருவான். எனக்கு அவசரமில்லை. என் வீட்டுக்காரர் உள்ளே வரவே அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஆயிற்று.

எஸ்தருக்கு மறுபடி பிள்ளை பிறக்கவில்லை. இந்தச் சாட்சியில் அதை விட்டுவிடச் சிலர் சொன்னார்கள். விட மாட்டேன். கேட்டது எல்லாம் கிடைக்கும் என்று நான் உங்களிடம் சொல்ல வரவில்லை. கிடைக்காதவள்தான் என் பக்கத்தில் நின்று என் கையைப் பிடித்தாள். அவளைத் தாங்குகிறவர் என்னையும் தாங்கினார் என்றுதான் சொல்கிறேன். அவருக்கே எல்லா மகிமையும்.

ஆகவே என்னை வாய் செத்தவள் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமைதோறும் மூன்று மணிச் சங்குக்கு நானும் எஸ்தரும் இன்றைக்கும் அதே முச்சந்தியில் நிற்கிறோம். யாராவது உங்களுக்குத் துரோகம் செய்திருந்தால், அவன் நாசமாய்ப் போக வேண்டும் என்று வயிறு எரிந்தால், அந்த எரிச்சலோடே வாருங்கள். ஆற்றிக்கொண்டு வர வேண்டாம். அவன் வீட்டுப் பிள்ளைகளுக்காக நாங்கள் சத்தமாகக் கேட்கிறோம், நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும். கடைசியில் ஆமென் சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை என்றால் பரவாயில்லை. முதல் நாள் எனக்கும் வரவில்லை. எஸ்தர்தான் எனக்கும் சேர்த்துச் சொன்னாள்.